மெர்சிடிஸ் எல்.ஏ. 911: மூக்கு லாரியை வீடாக்கலாமா?

ஜெர்மனியில் பழைய லாரியைக் காடு மேடு சுற்றும் வீடாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் தேடும் வண்டிகளில் ஒன்று மெர்சிடிஸ் எல்.ஏ. 911. 1959-ல் வந்த குட்டை மூக்கு வரிசையில் (எஞ்சின் கேபினுக்கு முன்னால் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும்), நான்கு சக்கர இழுவை உள்ள மாடல் இது. எல்லைக் காவல் படையும் தீயணைப்பு நிலையங்களும் ஓட்டிக் கழித்த வண்டிகள்தான் பெரும்பாலும் கைமாறுகின்றன. கிலோமீட்டர் குறைவாக இருக்கும், துரு குறைவாக இருக்காது.

எஞ்சினைக் குறை சொல்ல ஆளில்லை. ஓ.எம். 352, ஆறு சிலிண்டர், 5,675 சி.சி., 2,800 சுற்றில் 130 குதிரைத்திறன். கம்ப்யூட்டர், ஆட்புளூ (புகையைச் சுத்தமாக்க ஊற்றும் திரவம்), புகை வடிகட்டி எதுவும் கிடையாது. போர் 97, ஸ்ட்ரோக் 128 மி.மீ.; டாட்டா 697 எஞ்சினைப் பிரித்த மெக்கானிக்குக்கு மனப்பாடமான அளவு. 1954 முதல் 1969 வரை டாட்டாவும் டைம்லர்-பென்ஸும் கூட்டாக இருந்த உறவு அது. அதற்காகப் பார்ட்ஸ் அப்படியே மாட்டும் என்று நம்பி வாங்காதீர்கள், அளந்து பார்த்து வாங்குங்கள். வால்வ் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ.

வாங்கும்போது கேபின் தரை, கதவின் அடிப்பக்கம், கண்ணாடி ரப்பருக்கு அடியில் உள்ள தகடு மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பல வருடம் நின்ற வண்டியில் பிரேக் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் சக்கரம் பிடித்தபடியே ஓடும். பத்து கிலோமீட்டர் ஓட்டி இறங்கி, நான்கு டிரம்மிலும் கை வைத்தால் தெரிந்துவிடும். பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் பாருங்கள், இரண்டும் உண்டு.

எண்பதுக்கு மேல் விரட்டினால் கேபினில் பேச முடியாது. டீசல் 100 கிலோமீட்டருக்கு 20 முதல் 25 லிட்டர். அவசரக்காரர்களுக்கு இந்த வண்டி வேண்டாம்.

எஞ்சினுக்கு டர்போ வைப்பதா வேண்டாமா என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பணம் போக வேண்டிய இடம் அதுவல்ல, வீடாகும் பெட்டி சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உட்காரும் இடம். இந்தச் சேஸ் முறுக்கிக்கொள்வதற்கென்றே செய்தது. ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினால் சேஸ் வளைந்து கொடுக்கும். மேலே இருக்கும் பெட்டி வளையாது. இரண்டையும் இறுக்கி போல்ட் போட்டால் முதலில் ஜன்னல் மூலையில் விரிசல் விடும், அப்புறம் தகடு பிரியும், கடைசியில் சேஸே போல்ட் ஓட்டையிலிருந்து கீறும்.

பெட்டிக்குத் தனியாக ஒரு இரும்புச் சட்டம் கட்டி, அதைச் சேஸ் மேல் வையுங்கள். பின்பக்கம் இறுக்கமாக போல்ட் போடலாம். முன்பக்க போல்ட்டுகளில் ஸ்பிரிங் வேண்டும். சேஸ் கீழே இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி இடைவெளி விடும், சமதரைக்கு வந்ததும் இழுத்து உட்கார வைக்கும். ஸ்பிரிங் ரொம்பக் கெட்டியானால் இறுக்கிப் போட்டதும் ஒன்றுதான். லேசாக இருந்தால் கரடு வழியில் பெட்டி குதிக்கும். பக்கவாட்டில் நகராமல் இருக்க இரண்டு பக்கமும் வழிகாட்டித் தகடு அவசியம். சட்டத்துக்கும் சேஸுக்கும் நடுவே மரப்பட்டை வைத்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். கெட்டி பிளாஸ்டிக் பட்டை நல்லது. சேஸின் மேல், கீழ் மடிப்புகளில் ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. நிமிர்ந்த பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும்.

கட்டி முடித்ததும் முன் இடது சக்கரத்தை 30 செ.மீ. கட்டை மேல் ஏற்றுங்கள், பின் வலது சக்கரத்தையும் அப்படியே. இப்போது பெட்டியின் கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால் பொருத்தியது தப்பு. கேபினிலிருந்து பெட்டிக்குள் போக வழி வைத்தால், நடுவில் மடிப்பு ரப்பர் துருத்தி இல்லாமல் விடாதீர்கள்.

பெட்டியின் சுவருக்கு இரண்டு பக்கமும் ஃபைபர், நடுவே பி.யு. (பாலியூரித்தேன்) நுரை, மொத்தம் 40 முதல் 60 மி.மீ. உள்ளேயிருந்து வெளியே ஊடுருவும் இரும்பு ஒன்று கூட வேண்டாம். குளிர்காலத்தில் அந்த இடத்தில்தான் தண்ணீர் கோக்கும். ஒட்டும் பசையை இறுக்கிப் பிழியாமல் சுமார் 3 மி.மீ. கனம் விட்டால்தான் அசைவைத் தாங்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி என்றால் 2.56 யூனிட். பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுப்போகும், ஆகவே அதை வெளிப்பெட்டியில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.

எடையை ஆக்ஸில் ஆக்ஸிலாக எடை மேடையில் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் தண்ணீரே 200 கிலோ. ஐரோப்பாவின் சி1 லைசென்ஸில் 7.5 டன் வரையுள்ள வண்டியைத்தான் ஓட்டலாம்.

முப்பது வயது தாண்டிய வண்டிக்கு ஜெர்மனியில் பாரம்பரிய வண்டிக்கான எச் நம்பர் பிளேட் கிடைத்தால் வரி வருடத்துக்கு 191.73 யூரோ, புகை கக்கும் வண்டிகளுக்குத் தடை உள்ள நகரங்களிலும் நுழையலாம். ஆனால் வழவழப்பான புது வெள்ளைப் பெட்டியைப் பார்த்து, பழைய வண்டிக்குப் பொருந்தாது என்று ஆய்வாளர் மறுக்க முடியும். பெட்டிக்குத் தகடு வாங்கும் முன்பே வரைபடத்தை அவரிடம் காட்டிவிடுங்கள்.