"எல்லாம் போகும்க்கா" என்று சொல்லும் பார்சல் ஏஜென்ட்

ஜெர்மனியில் இருக்கும் மகனுக்குத் தீபாவளிப் பார்சல் அனுப்பப் போய்ப் பத்தாயிரத்துக்கு மேல் தண்டம் அழுதிருக்கிறேன். பெட்டி கட்டப்போகிறவர்கள் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

முதலில் போனது தபால் நிலையத்துக்குத்தான். நாலு சுற்று பிரவுன் டேப் ஒட்டிக் கொண்டுபோன பெட்டியைக் கவுன்டரில் இருந்தவர் தொடக்கூட இல்லை. "பிரிங்கம்மா, உள்ள என்னன்னு பார்க்கணும்." பருப்புப் பொடி எத்தனை கிராம், வேட்டி என்ன விலை என்று சுங்கப் படிவத்தில் ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். ஆதார் நகல் கேட்டார். பவர் பேங்கையும் நெய் பாட்டிலையும் தனியே எடுத்து வைத்தார். லித்தியம் பேட்டரியைத் தனியாகத் தபாலில் அனுப்பக் கூடாதாம். பால் பொருளை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்களாம். வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எதிர்வரிசையிலேயே ஒரு கூரியர் ஏஜென்ட். "அதெல்லாம் போகும்க்கா." கிலோ 850. எடை 7.4, எட்டாக வைத்து 6,800 வாங்கிக்கொண்டார். மறுநாள் போன். பெட்டி 50, 40, 30 சென்டிமீட்டர். பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 12 கிலோவாம். 10,200 ஆயிற்று. பெட்டி அடைக்கும் இடத்துக்குக் கூரியரில் வழக்கமாகப் போடும் கணக்குதான், அதில் பொய்யில்லை. எடை போட்டபோதே அளந்து சொல்ல வாய் வலித்ததா?

ஒன்பதாம் நாள், "பவர் பேங்க் ஸ்கேன்ல மாட்டிக்கிச்சுக்கா" என்றார். அப்போதுதான் ரசீதை ஒழுங்காகப் பார்த்தேன். பொருள்: பழைய துணி. அனுப்புநர்: நான். பொய் எழுதியது அவர், கீழே இருப்பது என் கையெழுத்து, என் ஆதார். 2010-ல் துபாயில் லித்தியம் பேட்டரி ஏற்றிய சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து விமானிகள் இருவரும் இறந்ததை மகன் சொன்னபோது, தபால் கவுன்டரில் ஆத்திரப்பட்டது நினைவுக்கு வந்தது.

திருப்பி எடுக்க 1,400 தனி. கட்டிய பணம் வராதாம். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதாம். பெட்டியைப் பிரித்தால் நெய் பாட்டில் மூடி உடைந்து, வேட்டி முழுக்க நெய்யும் பருப்புப் பொடியும்.

கையெழுத்துப் போடுமுன் பொருள் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெட்டியை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்.

போன வாரம் திறந்த பெட்டியும் கைப்பையில் டேப்புமாக அதே தபால் கவுன்டருக்குப் போனேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. "பவர் பேங்க் வீட்ல இருக்காம்மா?" என்றார்.