முடி மாற்று சிகிச்சை: "பொறுங்க, வளரும்" என்று சொல்லியே உத்தரவாதத்தை முடித்துவிட்டார்கள்

ஆறு மாதச் சம்பளம் போச்சு. முன்மண்டை பழையபடி வெட்டவெளி, பின்மண்டையில் நன்றாக இருந்ததும் திட்டுத் திட்டாகிவிட்டது. நேற்று முடி நட்ட கிளினிக்கிலிருந்து வந்த பதில் ஒரே வரி: "உங்கள் உத்தரவாதக் காலம் முடிவடைந்துவிட்டது." அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. நிறைய கிளைகள், எங்கே திரும்பினாலும் விளம்பரம், சுவர் முழுக்க முன்-பின் படங்கள், அந்த ரகம். இந்த சிகிச்சைக்கு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விளம்பரத்தைப் பார்த்து நான் மயங்கவில்லை. முதல் சந்திப்பில் உட்கார்ந்திருந்த ஆலோசகர்தான் என்னை நம்ப வைத்தார். வெள்ளைக் கோட்டு, தாழ்ந்த குரல். அவர் டாக்டரே இல்லை, விற்பனை ஆள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. மார்க்கரை எடுத்து நெற்றியில் நிதானமாக ஒரு கோடு வரைந்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு, நான் பார்த்து முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. பணத்தைப் பற்றி அவராக ஒரு வார்த்தை எடுக்கவில்லை, நான்தான் கேட்டேன். அப்புறம் டாக்டர் வந்தார். நடுவதற்கு முடி எடுக்கும் இடமான பின்மண்டையை விரலால் விலக்கிப் பார்த்து, "டோனர் பகுதி பிரமாதமா இருக்கு சார், 3000 கிராஃப்ட் (வேரோடு எடுக்கும் சிறு முடிக்கொத்து) தாராளமா எடுக்கலாம். நானேதான் பண்ணுவேன், கவலைப்படாதீங்க" என்றார். "நானேதான்" என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் அன்றைக்கே முன்பணம் கட்டினேன்.

சிகிச்சை நாளில் அவர் வந்தது உண்மை. கோட்டைத் திருத்தினார், மரத்துப்போகும் ஊசி போட்டார், தோளைத் தட்டினார், போய்விட்டார். மீதி முழுக்க டெக்னீஷியன்கள்தான். எஃப்.யூ.இ. முறையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழல் ஊசியால் வேர்க்கால்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டும். கோணம் சற்றுப் பிசகினால் வேர் வெட்டுப்படும். வெளியே எடுத்ததைக் காயாமல் குளிர்ச்சியான கரைசலில் வைக்க வேண்டும், நேரம் ஆக ஆகப் பிழைப்பது குறையும். நான் குப்புறக் கிடந்தேன், தரையைத் தவிர எதுவும் தெரியவில்லை. எடுத்ததை எதில் வைத்தார்கள், எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்று பிறகு பலமுறை கேட்டும் பதில் இல்லை. நடுவில் எல்லோரும் சாப்பிடப் போனது மட்டும் காதில் விழுந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். இந்த சிகிச்சையில் ஏமாற்றுவதற்கு முடியின் இயல்பே துணை நிற்கிறது. பொருக்குகள் பத்து நாள் வாக்கில் உதிரும். இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் நட்ட முடியும் கொட்டிவிடும், வேர் மட்டும் உள்ளே ஓய்வில் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். ஆறாம் மாதத்தில் பாதி அளவுக்குத் தெரியும், முழுப் பலன் தெரிய 12 மாதம் ஆகும், உச்சந்தலைக்கு 18 மாதம்கூட ஆகலாம். இவ்வளவும் மருத்துவ உண்மை. அதனால்தான் அவர்கள் சொன்ன ஒவ்வொரு சமாதானமும் கேட்க நியாயமாக இருந்தது.

முடி கொட்டியபோது கேட்டேன். "ஷாக் லாஸ் சார், எல்லாருக்கும் வரும்." நாலாம் மாதம் ஒன்றும் முளைக்கவில்லை. "சிலருக்கு லேட்டாதான் வரும் சார்." ஆறாம் மாதம் படம் எடுத்து அனுப்பினேன், கட்டைவிரல் குறி ஒன்று பதிலாக வந்தது. அடுத்து, பி.ஆர்.பி. போட்டால் வேர் விழித்துக்கொள்ளும் என்று தனிக் கட்டணம். ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் திரும்பத் தலையில் ஏற்றுவது. செத்துப்போன வேர்க்கால் அதனால் உயிர் பெறாது என்று எனக்கு அப்போது யார் சொன்னார்கள்? அதையும் சேர்த்துத்தான் ஆறு மாதச் சம்பளம். பிறகு, "12 மாசம் முடியட்டும், டாக்டரே உட்கார்ந்து பார்ப்பார்." முடிந்த பிறகு போனால், உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறார்கள்: சிகிச்சை நடந்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் புகார் தர வேண்டுமாம். 12 மாதம் முடியட்டும் என்று சொன்னதும் இவர்கள், 12 மாதத்துக்குள் என்று அச்சடித்ததும் இவர்கள்!

கடைசியாக ஒரு பழி வேறு: "நீங்க ஃபினாஸ்டிரைடு மாத்திரை ஒழுங்கா சாப்பிடலை." எழுதிக் கொடுத்திருந்தால்தானே சாப்பிட? அந்த மாத்திரை ஏற்கெனவே இருக்கும் முடியைக் காப்பாற்றத்தான். பின்மண்டை முடி வழுக்கை ஹார்மோனுக்கு எளிதில் மசியாது என்பதால்தான் அதை எடுத்து முன்னால் நடுகிறார்கள். நட்டது முளைக்காததற்கு மாத்திரையைக் காரணம் காட்டினால் என்ன அர்த்தம்?

வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, முன்னால் 3000 கிராஃப்ட் நட்ட அடையாளமே இல்லை என்றார். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். முடியை எண்ணி கிராஃப்ட் கணக்கில் எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டாம். அப்படிப் பார்த்தால் 3000 முடி என்பது ஏறக்குறைய அதில் பாதி கிராஃப்ட்தான். பின்னால் நெருக்கி நெருக்கித் தோண்டியதில் பூச்சி அரித்த கம்பளம் மாதிரி ஆகியிருக்கிறது. முழுசாகத் தோண்டி எடுத்த இடத்தில் முடி மறுபடி முளைக்காது. திரும்பச் செய்யலாம் என்றால், எடுக்கப் பின்னால் மிச்சம் இருக்க வேண்டுமே. ஆறு மாதச் சம்பளம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: தோண்டுவது யார், நடுவதற்குத் துளை போடுவது யார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். ஒரு முடி, இரு முடி, மூன்று முடி கிராஃப்ட்கள் எத்தனை எத்தனை என்று அன்றைக்கே தனித்தனியாகக் கணக்குக் கேளுங்கள், கிராஃப்ட்களைத் தட்டோடு படம் எடுக்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். மாதாமாதம் ஒரே வெளிச்சத்தில் நீங்களே படம் எடுத்து வையுங்கள். அவர்கள் போனில் சொல்லும் சமாதானம் எதற்கும் சாட்சி கிடையாது, எழுத்தில் கேளுங்கள். ஏழெட்டு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் அவர்கள் பேச்சைக் கேட்டுக் காத்திருக்காமல் வேறு டாக்டரிடம் காட்டிவிட்டு, அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள்.