கில்லிங் ஜோக்: கோடு ஒன்று, வண்ணம் இரண்டு

1988-இல் வந்த ‘பேட்மேன்: த கில்லிங் ஜோக்’ மொத்தம் 48 பக்கம்தான். எழுத்து ஆலன் மூர், ஓவியம் பிரையன் போலண்ட், வண்ணம் ஜான் ஹிகின்ஸ். ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம். ஆனால் பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கரை ஏன் ரசிக்கிறோம், ரசித்துக்கொண்டே ஏன் அருவருக்கிறோம் என்று பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான புத்தகம் இல்லை. 2008-இல் வந்த டீலக்ஸ் பதிப்பில் போலண்ட் தன் ஓவியங்களுக்குத் தானே புதிதாக வண்ணம் பூசினார். கதையும் வசனமும் அப்படியே இருக்க, வில்லன் மட்டும் கொஞ்சம் வேறு ஆளாகத் தெரிகிறான்.

இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும். இனி முக்கியத் திருப்பங்கள் எல்லாம் வெளியே வரும்.

புத்தகத்தின் உயிர்நாடி, அழைப்பு மணி அடித்து, போலீஸ் கமிஷனர் கார்டனின் மகள் பார்பரா கதவைத் திறக்கும் இடம். வெளியே ஜோக்கர்: பூப்போட்ட சட்டை, கழுத்தில் கேமரா, கையில் துப்பாக்கி. சுற்றுலாப் பயணியின் வேஷம். பார்த்ததும் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்க்கிறது. அது முழுதாக வருவதற்குள் சுட்டுவிடுகிறான். பார்பரா நூலகராக இருந்தவள். ஆகவே தரையில் கிடப்பவளை ஒரு பழைய புத்தகத்தைப் போல மதிப்பிட ஆரம்பிக்கிறான்: மேலுறையில் ஓட்டை விழுந்திருக்கிறது, முதுகும் சேதம். குண்டு பாய்ந்தது அவளுடைய முதுகுத்தண்டில். சிலேடை கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுதான் வயிற்றைப் புரட்டுகிறது.

ஜோக்கரின் சூத்திரமே இதுதான். நகைச்சுவை உண்மையாகவே நன்றாக இருந்தாக வேண்டும். மொக்கை ஜோக் அடித்துவிட்டுக் கொலை செய்பவன் எரிச்சல் மூட்டுவான், அவ்வளவுதான். சிலேடை சரியாக விழும்போது வாசகர் பாதிச் சிரிப்பில் மாட்டிக்கொள்கிறார்; அடுத்த ஓவியக் கட்டத்தில் ரத்தத்தைப் பார்த்ததும், சிரித்ததற்காகத் தன் மேலேயே ஒரு கூச்சம் வருகிறது. வில்லன் மேல் வரும் வெறுப்பில் பாதி அந்தக் கூச்சத்திலிருந்து பிறப்பது. கட்டங்களின் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வேஷம், அடுத்து சூடு, அதற்குப் பிறகே சிலேடை. சிலேடையைச் சூட்டுக்கு முன்னால் வைத்திருந்தால் அது சாதாரண மிரட்டல் வசனம். பின்னால் வந்ததால், வலியில் கிடப்பவளின் தலைக்கு மேலே நின்று அடிக்கும் ஜோக்காகிவிடுகிறது.

இந்த வேலையை இன்னும் லேசான கையோடு செய்த கதை 1978-இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 475, 476 இதழ்களில் வந்த ‘சிரிக்கும் மீன்’. எழுத்து ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், ஓவியம் மார்ஷல் ரோஜர்ஸ். மீன்களுக்கெல்லாம் தன் முகச்சிரிப்பை வரவழைத்துவிட்டு, அதற்குக் காப்புரிமை வேண்டும் என்று கேட்டு அரசு அலுவலகத்தில் போய் நிற்கிறான் ஜோக்கர். இயற்கையில் உள்ள பொருளுக்கு அப்படி உரிமை தர முடியாது என்கிறார் அதிகாரி. சட்டப்படி சரியான பதில். அதற்காக உயிர் போகிறது. பைத்தியக்காரத்தனமான கோரிக்கை, ஆனால் அதற்குள் பிசகாத ஒரு ஒழுங்கு. நோக்கமே இல்லாமல் குண்டு வைக்கும் ஜோக்கர் கதைகள் பின்னாளில் ஏராளமாக வந்தன. அவை அலுப்பூட்டுவதற்குக் காரணம், அவற்றில் பிணங்கள் உண்டு, கோரிக்கை கிடையாது.

எதிர்ப்பக்கத் தவறும் நடந்திருக்கிறது. 1954-இல் அமெரிக்க காமிக்ஸ் உலகம் தனக்குத் தானே தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்ட பிறகு, ஜோக்கர் பல ஆண்டுகள் குறும்புக்காரத் திருடனாகவே உலாவினான். கேளிக்கை இருந்தது, வெறுக்க எதுவும் இல்லை. யாருக்கும் எதுவும் ஆகாது என்று தெரிந்துவிட்டால் வில்லன் சர்க்கஸ் கோமாளி. கில்லிங் ஜோக்கின் பாதிப்பு அப்படி அடுத்த இதழில் அழிந்துவிடவில்லை. 1989-இல் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ரண்டரும் ‘சூசைட் ஸ்குவாட்’ தொடரில், சக்கர நாற்காலியில் இருந்தபடி கணினி வழியே இயங்கும் ‘ஆரக்கிள்’ ஆக பார்பராவைக் கொண்டுவந்தார்கள். அவள் பல ஆண்டுகள் அப்படியே இருந்தாள். அந்தச் சிலேடையும் அத்தனை ஆண்டுகள் கசந்தது.

அடுத்தது, பலரும் உச்சிமேல் வைத்துக் கொண்டாடும் ஜோக்கரின் முன்கதை. ரசாயன ஆலை வேலையை விட்டுவிட்டு மேடையில் சிரிக்கவைக்கப் பார்த்துத் தோற்ற ஒருவன், கர்ப்பிணி மனைவி, வறுமை, கொள்ளைக்கு இழுக்கும் கும்பல், விபத்தில் மனைவியின் சாவு, கொள்ளைக்குப் போட்ட சிவப்பு முகமூடி, ரசாயனக் குளத்தில் விழுந்து ஜோக்கராவது. ஒரே ஒரு மோசமான நாள் போதும், எவனும் தன்னைப் போல ஆகிவிடுவான் என்பது ஜோக்கரின் வாதம். அதை நிரூபிக்கத்தான் கமிஷனர் கார்டனைக் கடத்தி, நிர்வாணமாக்கி, கேளிக்கைப் பூங்காவின் பேய் ரயிலில் ஏற்றி, மகளின் படங்களைத் திரையில் காட்டுகிறான்.

முன்கதை கொடுத்தால் வில்லன் ஆழமாகிவிடுவான் என்று நம்பும் எழுத்தாளர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும். பரிதாபம் கூடினால் வெறுப்பு கரையும். அதுதான் இதிலுள்ள ஆபத்து. மூர் இரண்டு பூட்டுப் போடுகிறார். முதலாவது, தன் கடந்த காலம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி நினைவுக்கு வருகிறது என்று ஜோக்கரே சொல்லிவிடுகிறான். நாம் பார்த்தது நடந்ததா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. இரண்டாவது இன்னும் வலுவானது: கார்டன் உடையவில்லை. அத்தனை கொடுமைக்குப் பிறகும், அவனைச் சட்டப்படி பிடித்து வா என்று பேட்மேனிடம் சொல்கிறார். வாதம் அங்கே தோற்கிறது. கண்ணீர்க்கதையாக வைத்திருந்தது, சாக்குப்போக்காகச் சுருங்கிவிடுகிறது.

இப்போது வண்ணம். ஹிகின்ஸின் பக்கங்களில் ஊதா, ரோஜா, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் பொருட்காட்சி விளக்குப் போலக் கண்ணைக் குத்தும். கேளிக்கைப் பூங்காக் காட்சிகளில் ஜோக்கரின் ஆட்டமும் பாட்டும் அந்த வெளிச்சத்தில்தான் எடுபடுகின்றன; கொடுமை நடக்கும்போதும் பக்கம் திருவிழாக்கோலத்தில் இருப்பதால் ஒரு குமட்டல் வருகிறது. போலண்ட் அத்தனையையும் அடக்கி, குளிர்ந்த நிறங்களுக்குக் கொண்டுவந்தார். பேட்மேன் மார்பில் வௌவால் சின்னத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் வட்டத்தைக்கூட எடுத்துவிட்டார். முன்கதையைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஏதாவது ஒரு பொருளில் மட்டும் சிவப்பை வைத்தார். அது முற்றி முற்றிக் கடைசியில் முழுச் சிவப்பு முகமூடியில் போய் முடிகிறது. வேலைப்பாடு நேர்த்தி. முகபாவங்களும் தெளிவு. ஆனால் முன்கதைக்கு ஆவணப்படத்தின் மிடுக்கு வந்து, மூர் போட்ட முதல் பூட்டு தளர்ந்துபோகிறது. நினைவு பொய்யாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் குறைந்து, பரிதாபம் கூடுகிறது. வில்லனை எடைபோட ஹிகின்ஸ் பதிப்பே சரி. கோட்டோவியத்தை ரசிக்க போலண்ட் பதிப்பு.

புத்தகத்தின் பெரிய குறை பார்பராதான். சுடப்பட்ட பிறகு மருத்துவமனைக் கட்டிலில் சிறிது நேரம், அதோடு சரி. அவளுடைய வலி அப்பாவை நொறுக்கவும் பேட்மேனை ஓட வைக்கவும் பயன்படும் கருவியாக நின்றுவிடுகிறது. ஜோக்கர் அவளைப் பொருளாக நடத்துவதை வெறுக்கச் சொல்லும் கதை, தானும் ஏறக்குறைய அதையே செய்கிறது. வெறுப்பு வில்லனைத் தாண்டிப் புத்தகத்தின் மேலும் கொஞ்சம் தெறிப்பது அதனால்தான். இந்தப் புத்தகத்தின் மேல் மூரே பின்னாளில் அதிருப்தியைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

முடிவில் மழை, இரண்டு பைத்தியக்காரர்களைப் பற்றிய ஒரு ஜோக், பேட்மேனும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு. பேட்மேன் அவனைக் கொன்றுவிட்டானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. முதல் கட்டத்தின் மழைநீர்க் குட்டையும் கடைசிக் கட்டத்தின் குட்டையும் ஒன்றுபோல இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் எதுவும் மாறவில்லை என்றே ஓவியம் சொல்கிறது.

பேட்மேன் கதைகளுக்குப் புதியவர்கள் ‘சிரிக்கும் மீன்’ இரண்டு இதழ்களையும் முதலில் படித்துவிட்டு இதற்கு வரலாம். சிறுவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். இரண்டு பதிப்பும் கிடைத்தால், கதவு திறக்கும் அந்தப் பக்கத்தை முதலில் ஹிகின்ஸ் வண்ணத்திலும் பிறகு போலண்ட் வண்ணத்திலும் பாருங்கள். பூப்போட்ட சட்டை எதில் முதலில் கண்ணில் படுகிறது, துப்பாக்கி எதில் முதலில் படுகிறது என்று கவனித்தால் போதும்.