ஃப்ரேம் வந்தது, வண்டி வரவில்லை: வாரண்டியில் மாற்றிய மவுண்டன் பைக், 2 வருடம் கழித்து

முதலில் வந்தது சத்தம்தான். ஏற்றத்தில் சீட்டில் உட்கார்ந்தபடி மிதிக்கும்போது மட்டும் ஒரு 'கிர்க்'. எழுந்து நின்று மிதித்தால் இல்லை. அலுமினிய மவுண்டன் பைக் வைத்திருப்பவர்களுக்குச் சத்தம் புதிதல்ல. பெடல் மரையில் கிரீஸ் காய்ந்தாலும் கத்தும், சீட் கிளாம்ப்பில் மண் புகுந்தாலும் கத்தும். அதனால் மூன்று வாரம் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, கிரீஸ் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தேன். பெடல் கைகளின் நடு அச்சு சுழலும் பேரிங்கான பாட்டம் பிராக்கெட்டைக்கூட மாற்றினேன். அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது, பாவம்.

உட்கார்ந்தால் வருகிறது, எழுந்தால் போகிறது. இதைவிடப் பெரிய துப்பு என்ன வேண்டும்? அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் வண்டியைக் கழுவும்போது கண்ணில் பட்டது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபின் பின்பக்கம், ஃப்ரேமின் மேல்குழாயான டாப் டியூப் வந்து சேரும் வெல்டிங்குக்குச் சற்றுக் கீழே, தலைமுடி ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு கோடு. முடிதான் என்று நினைத்து விரலால் தள்ளினேன், நகரவில்லை. பெயின்ட்டில் கீறலோ உலோகத்தில் விரிசலோ என்று கண்ணால் சொல்வது கஷ்டம். சுரண்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. சுரண்டினால் அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுப்பார்களோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். பதிலுக்கு அந்த இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சீட்டை ஓங்கி அழுத்தி ஆட்டினேன். நாலாவது ஆட்டத்தில் அந்தக் கோட்டில் கருப்பாகக் கிரீஸ் பொட்டு வைத்தது. சீட் டியூபுக்குள் செருகும் சீட்டின் கம்பம், அதாவது சீட் போஸ்ட்டுக்கு நானே தடவிய கிரீஸ். குழாய்க்கு உள்ளே இருந்தது வெளியே எட்டிப் பார்க்கிறது என்றால், அதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கோட்டின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் குறி வைத்துவிட்டு, 'பக்கத்திலேதானே' என்று ஒரு சின்னச் சுற்று ஓட்டினேன். திரும்பி வந்து பார்த்தபோது விரிசல் ஒரு குறியைத் தாண்டி 4 மி.மீ. போயிருந்தது. அன்றோடு வண்டியைச் சுவரில் மாட்டினேன். குறி வைப்பது நல்ல பழக்கம். வைத்துவிட்டு ஓட்டுவதுதான் கூடாது. சீட் டியூப் ஓட்டத்தில் விட்டுப்போனால் சீட்டோடு பின்னால் சாய்வோம், சரி. இதே விரிசல் முன் ஃபோர்க்கைப் பிடிக்கும் ஹெட் டியூப் பக்கம் இருந்தால் முன்சக்கரமே கழன்று போகும்.

அலுமினியத்தின் குணம் அப்படி. எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை பாரம் ஏற்றி இறக்கினாலும் அது அலுத்துக்கொள்ளாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்ன அழுத்தமும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். வெல்டிங் சூடு பட்ட இடம் அதிலும் பலவீனமானது. ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேச சைக்கிள் தரநிலையில் மவுண்டன் பைக் ஃப்ரேமுக்கு 1 லட்சம் சுற்று மிதிச் சோதனை இருக்கிறது. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் 24 மணி நேரத்தில் 1 லட்சம் வந்துவிடுமே என்று நானும் கணக்குப் போட்டேன். ஆனால் சோதனையில் ஒவ்வொரு மிதிக்கும் கொடுக்கும் விசை 1,200 நியூட்டன். 120 கிலோ ஆள் ஒற்றைக் காலில் பெடல்மேல் ஏறி நிற்கிற மாதிரி. என் மிதி அதில் பாதிகூட வராது. நாலு வருடத்தில் விரிந்தது என்றால் ஃப்ரேமில்தான் ஏதோ குறை என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். நிறுவனமும் அதே தீர்ப்பைச் சொல்லவேண்டுமே!

வாரண்டி அட்டையை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். 'ஃப்ரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதம்.' யாருடைய ஆயுள்? என்னுடையது இல்லை. முதல் உரிமையாளர் கையில் இருக்கும் வரைதான். இரண்டாம் கைக்குப் போனால் செல்லாது. விபத்து, தவறான பயன்பாடு, சாதாரணத் தேய்மானம் எதுவும் சேராது. பில் கட்டாயம். பில்லை எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள்! தெர்மல் காகிதம், நாலு வருடத்தில் எழுத்தெல்லாம் ஆவியாகிவிட்டது. வாங்கிய அன்று வண்டியோடு சேர்த்துப் பில்லையும் ஒரு போட்டோ எடுத்திருந்தேன். அது இல்லையென்றால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். சீரியல் நம்பர் பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் இருக்கும். நாலு வருட மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகுதான் எண் தெரிந்தது.

விற்ற கடை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவர் வெறும் தபால்காரர். முடிவு வேறு இடத்தில். பத்து நாளில் பதில் வந்தது: நிராகரிப்பு. 'சீட் போஸ்ட் போதுமான ஆழத்தில் செருகப்படவில்லை எனத் தெரிகிறது. இது பயன்பாட்டுத் தவறு.' அதோடு ஆறுதல் பரிசாக, தள்ளுபடி விலையில் புது ஃப்ரேம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். விபத்தில் உடைந்த ஃப்ரேமுக்குக் கொடுக்கும் சலுகை அது. கடைக்காரர் அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவர்கள் கேள்வி நியாயமானதுதான். சீட் டியூபின் மேல்முனை விரிசல்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உயரமான ஆள், சின்ன சைஸ் வண்டி. போஸ்ட்டை எல்லை தாண்டி மேலே இழுத்துவிடுவார். அப்போது போஸ்ட் ஒரு கடப்பாரை மாதிரி டியூபின் வாயை நெம்பும். ஆனால் நான் அப்படி வைக்கவில்லை. வைக்கவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

போஸ்ட்டை வெளியே உருவி எடுத்தபோது விடை அதிலேயே இருந்தது. நாலு வருடமாகக் கிளாம்ப் இறுக்கிய இடத்தில் வட்டமாக ஒரு தடம். அதற்குக் கீழே குழாய்க்குள் இருந்த பகுதி மங்கிய சாம்பல் நிறத்தில், நுண்ணிய கீறல்களோடு. மேலே இருந்த பகுதி வெயில் பட்டு வெளிறிய கருப்பு. நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. அடிமுனையிலிருந்து அந்த எல்லை வரை இரும்பு ஸ்கேல் வைத்தேன்: 118 மி.மீ. அவர்கள் கையேடு கேட்பது குறைந்தது 100. ஸ்கேலோடு மூன்று கோணத்தில் போட்டோ எடுத்தேன். போஸ்ட்டை ஃப்ரேமுக்கு வெளியே அதே உயரத்தில் சேர்த்துப் பிடித்து, அடிமுனை விரிசலைத் தாண்டி எவ்வளவு கீழே வருகிறது என்று இன்னொன்று. நீளமாக நியாயம் பேசவில்லை. கையேட்டின் பக்க எண், அளவு, போட்டோ, கிரீஸ் கசிந்த அன்று எடுத்த வீடியோ, அவ்வளவுதான். கோபத்தில் எழுதிய முதல் வரைவை அனுப்பாமல் அழித்தது நான் செய்த புத்திசாலித்தனமான காரியம்.

ஆறு நாளில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. ஃப்ரேம் கைக்கு வர அதற்கப்புறம் 11 வாரம். அந்த 11 வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது சந்தோஷம் ஒரு ஐந்து நிமிடம் இருந்தது. என் மாடலை நிறுத்திவிட்டார்களாம். அதற்குச் சமமான புது மாடல் ஃப்ரேம் அனுப்பியிருந்தார்கள். நிறம் வேறு, அது பரவாயில்லை. ஆனால் நாலு வருடத்தில் மவுண்டன் பைக் அளவுகள் எல்லாம் நகர்ந்துபோயிருந்தன. என் பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் 142 மி.மீ. அகலம், புது ஃப்ரேம் கேட்டது 148, அதாவது 'பூஸ்ட்' என்ற புது அகலம். என் சீட் போஸ்ட்டின் விட்டம் 27.2 மி.மீ., புதுசு 31.6. முன்பக்கம் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முன் டெரெய்லர் மாட்ட இடமே இல்லை. பாட்டம் பிராக்கெட் மரை போட்டது இல்லை, அழுத்திச் செருகும் பிரஸ்ஃபிட். ஃபோர்க், ஹேண்டில்பார், பிரேக் மூன்றும் அப்படியே ஏறின. மிச்சமெல்லாம் என் பாடு.

வாரண்டி ஃப்ரேமுக்கு மட்டும்தான். பிரித்துப் பூட்டும் கூலி, புது பாகங்கள், போக்குவரத்து எதுவும் அதில் இல்லை. அட்டையில் ஒரே ஒரு வரியில் இது இருந்தது. நான் படித்தும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை.

பின்சக்கரத்தைக் காப்பாற்றியது மட்டும் எனக்குப் பெருமை. ஹப்பின் பிரேக் பக்க முனைக்கு 6 மி.மீ. கூடுதல் கனத்தில் மூடி, டிஸ்க்குக்கு அடியில் அதே அளவு வளையம். இப்போது ஹப் 148 ஆகிவிடும், ஆனால் ரிம் நடுவிலிருந்து 3 மி.மீ. விலகி நிற்கும். ஸ்போக்குகளை இறுக்கித் தளர்த்தி ரிம்மை பிரேக் பக்கமாக இழுக்கவேண்டும். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். பிரேக் பக்கம் கால் திருப்பு இறுக்கம், கியர் பக்கம் கால் திருப்பு தளர்ச்சி, சுற்றிப் பார், மறுபடி. இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. பின்சக்கரத்தில் எப்போதும் கியர் பக்க ஸ்போக்குகள் விறைப்பாகவும் மறுபக்கம் தொளதொளப்பாகவும் இருக்கும். ரிம் இப்படி நகர்ந்ததும் இரண்டு பக்க இழுவிசையும் நெருங்கி வந்தது. முன்பு அடிக்கடி கோணும் அந்தச் சக்கரம் இந்த 2 வருடத்தில் ஒரே ஒருமுறைதான் கோணியது.

முன் டெரெய்லர் போனதால் முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் (செயின்ரிங்), பின்னால் அதற்கேற்ற பெரிய பல்சக்கர அடுக்கு (கேசட்) என்று செலவு ஒன்றுக்கொன்று கைகோத்துக்கொண்டு வந்தது. சீட் போஸ்ட்டுக்கு இடைக்குழல் போட்டுப் பழசையே வைத்திருக்கலாம். அந்த இடத்தில் இன்னொரு இணைப்பு வேண்டாம் என்று தோன்றியது, புதுசு வாங்கினேன். மொத்தச் செலவைக் கூட்டியபோது, அன்று நான் வேண்டாம் என்ற தள்ளுபடி ஃப்ரேமின் விலையை எட்டிவிட்டது. ஆனால் அதை எடுத்திருந்தாலும் இதே பாகச் செலவு அதற்கு மேலும் வந்திருக்கும் என்று பிறகுதான் புரிந்து ஆறுதலடைந்தேன்.

பழைய ஃப்ரேமைத் திருப்பி அனுப்பவேண்டாம், அறுத்து, சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ அனுப்பினால் போதும் என்றார்கள். வைஸில் மாட்டி, ஆக்ஸா பிளேடால் ஃப்ரேமின் கீழ்க்குழாயான டவுன் டியூபை நடுவில் அறுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளித் தூள் ஷூமேல் கொட்டியது. அறுபட்ட விளிம்பைப் பார்த்தபோது கொஞ்சம் நடுங்கியது: நடுப்பகுதியில் சுவர் அவ்வளவு மெல்லிசு. வெல்டிங் வரும் முனைகளில் தடிமனாகவும் நடுவில் மெலிந்தும்தான் இந்தக் குழாய்களைச் செய்வார்கள் என்று தெரியும். தெரிந்திருப்பதும், இதன்மேல்தான் இத்தனை பள்ளம் இறங்கினோம் என்று கையில் தொட்டுப் பார்ப்பதும் வேறு வேறு.

2 வருடம் ஓட்டிய பிறகு புது ஃப்ரேம் எப்படி? இறக்கத்தில் நன்றாகவே இருக்கிறது. ஹெட் டியூப் பழையதைவிட 2 டிகிரி சாய்வு, வண்டியும் நீளம், வேகத்தில் பதற்றமில்லை. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் அலைபாய்கிறது, உடம்பை முன்னால் சாய்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. கேபிள் உரசிய இடங்களில் பெயின்ட் போய்விட்டது, அங்கெல்லாம் பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருக்கிறேன். பிரஸ்ஃபிட் பாட்டம் பிராக்கெட் 2 முறை மாற்றியாகிவிட்டது. இதில் பழைய மரையே தேவலை என்பது என் கட்சி. வாரண்டி புதிதாகத் தொடங்காது, பழையதன் தொடர்ச்சிதான் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். எனவே பில் போட்டோவும் அந்தக் கடிதமும் ஒரே கோப்பில் இருக்கின்றன. கழுவும்போதெல்லாம் வெல்டிங்குகளை விரலால் தடவிப் பார்க்கிறேன்.

மிஞ்சிய பாகங்களில் முன் டெரெய்லரையும் இடது ஷிஃப்டரையும் நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார். 27.2 சீட் போஸ்ட்டையும் கேட்டார். கொடுக்கவில்லை. 118 மி.மீ. கோடு இன்னும் அதில் தெளிவாகத் தெரிகிறது.