உள்ளூர்ச் சாலைக்கு ஒரு டேஷ்கேம்: பயன்படுத்தியபின் என் மதிப்பீடு

சிவப்பு விளக்கை மதிக்காமல் பாய்பவர்களும் இண்டிகேட்டர் போடாமல் சட்டெனத் திரும்புபவர்களும் மிகுந்த சாலைகளில் அன்றாடம் கார் ஓட்டுபவன் என்ற முறையில், முன்கண்ணாடியில் பொருத்திச் சாலைக் காட்சிகளைப் பதிவுசெய்யும் கேமராவான இந்த டேஷ்கேமை முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். பகலில் படம் மிகத் துல்லியம். தவறான பக்கத்தில் எதிரே வந்த இருசக்கர வாகனத்தின் எண் பலகை மட்டுமல்லாமல், ஓட்டியவர் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கியிருந்த கைபேசியும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. இரவிலோ, முகப்பு விளக்கின் ஒளி பட்டு எண் பலகை வெறும் வெள்ளைத் தகடாகிவிடுகிறது. விளம்பரத்தில் இதை மறைத்தது நியாயமில்லை.

மெமரி கார்டு நிரம்பியதும் பழைய காட்சிகள் அழிந்து புதியவை பதிவாகும். மோதலோ திடீர் பிரேக்கோ நேர்ந்தால், அதிர்வு உணரி அந்தப் பகுதியை மட்டும் அழியாமல் பூட்டிவைக்கும். உணர்திறனை உச்சத்தில் வைத்தால் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் பூட்டிப் பூட்டிக் கார்டை நிரப்பிவிடுவதால், நடுத்தர அளவே போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரி உப்பிவிடக்கூடும் என்பதால், பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர் (மின்னாற்றலைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் பாகம்) உள்ள மாடலையே வாங்குங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி பார்வை விலகினாலும் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். ஆகவே ஓட்டும்போது திரை தானாக அணையும்படி அமைத்துக்கொள்வது அவசியம், அந்த வசதி இதில் உண்டு.