சிரட்டை நமக்கு, பருப்பு அவர்களுக்கு: பவர் பிஐ வேலைக்கு ஆள் வைக்கும் முன்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் 11 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். மில் இங்கே, கொப்பரை குடோன் நடுப்புணி தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில். பேசுவது தமிழ், வரி கட்டுவது கேரளத்துக்கு, சரக்கு வருவது தமிழ்நாட்டிலிருந்து. இந்த மூன்றையும் ஒரே கணக்கில் கொண்டுவர 2025 தொடக்கத்தில் ஒரு கன்சல்டன்ட்டை வைத்து பவர் பிஐ போட்டோம்; கணக்கைப் படமும் பட்டியலுமாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் அது. முதலில் 85,000 ரூபாய், பிறகு மாதம் 6,000. எட்டு மாதம் கொடுத்தோம். கடைசியில் எங்கள் கையில் இருந்தது 300 கேபி அளவில் ஒரு ஃபைல், அதற்குள் ஒரு டேபிள்கூட இல்லை.

செய்துகொடுத்தவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவரைப் போல இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் பெயர் தெரிந்து பயனும் இல்லை. நடந்தது எப்படி என்பது தெரிந்தால் போதும்.

முதல் தப்பு முதல் நாளே நடந்துவிட்டது. பவர் பிஐயில் சேர கம்பெனி மெயில் வேண்டும், ஜிமெயிலை வைத்துப் பதிவு செய்ய முடியாது. எங்கள் ஆபீசில் எல்லாமே ஜிமெயில்தான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சிரித்துக்கொண்டு, "அதுக்கென்ன சேச்சி, எங்க அக்கவுண்ட்லயே வெச்சுக்கலாம். உங்களுக்கு ரெண்டு லாகின் தரேன்" என்றார். செலவு மிச்சம் என்று நாங்களும் தலையாட்டினோம். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் கணக்கு முழுக்க அவர் வீட்டுப் பரணில் ஏறிவிட்டது. எங்களுக்குக் கிடைத்த உரிமை வியூவர். பார்க்கலாம், தொட முடியாது.

இரண்டாவது தப்பு என்னுடையது. கொட்டேஷனில் 'டாஷ்போர்டு 4' என்று இருந்தது. நானும் நான்கு பக்கம் வருகிறதா என்று எண்ணிப் பார்த்தேனே தவிர, மாடல் யாருடையது என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்பதே அப்போது தெரியாது.

மாடல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வண்ண வண்ணமாகக் கண்ணில் படுகிறதே, அது ரிப்போர்ட். அதற்கு அடியில் எந்த டேபிள் எதோடு சேர்கிறது, எந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதெல்லாம் இருக்கிற இடம் மாடல். முன்பு டேட்டாசெட் என்று சொன்னார்கள், 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதற்குச் செமான்டிக் மாடல் என்று பெயர் மாற்றியது. ஒரே மாடலில் எத்தனை ரிப்போர்ட்டை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். எங்களுக்கும் அப்படித்தான்: முதலாளிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று, பொள்ளாச்சி குடோனுக்கு ஒன்று. நான்கும் இறைப்பது ஒரே கிணற்றில்.

அந்தக் கிணற்றை வெட்டியது யார்? கம்ப்யூட்டரில் தட்டியது அவருடைய பையன்தான். ஆனால் என்ன தட்டவேண்டும் என்று மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது நான். ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 32 என்றால் கேரளம், 33 என்றால் தமிழ்நாடு, அதை வைத்து ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) பில்லைப் பிரி என்று சொன்னேன். பச்சைத் தேங்காய்க்கு வரி இல்லை, கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் 5 சதவீதம், இரண்டையும் ஒரே தலைப்பில் போடாதே என்றேன். வருடம் ஏப்ரலில் தொடங்கும், ஜனவரியில் அல்ல என்று இரண்டு முறை சொன்னேன். எங்கள் டின் 15 லிட்டர், எண்ணெய் தண்ணீரை விட லேசு, ஒரு லிட்டர் சுமார் 920 கிராம், ஆகவே டின்னுக்கு 13.8 கிலோ போடு என்று பேப்பரில் எழுதியே கொடுத்தேன். அத்தனையும் 11 வருடத்தில் பில்லும் தராசுமாக நான் கற்றது.

ஐந்து மாதம் நன்றாகத்தான் ஓடியது. அதையும் சொல்லவேண்டும். முதலாளி காலையில் டீயோடு போனைத் திறந்து பார்ப்பார், கொப்பரைக்கு எண்ணெய் 62 சதவீதம், 61.5 சதவீதம் என்று காட்டும், அவருக்குத் திருப்தி.

ஜூலை கடைசியில் ஒரு நாள் அது 67 ஆனது. 2025இல் தேங்காய் எண்ணெய் விலை போன போக்கு கேரளத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், கிலோ 400 ரூபாயைத் தாண்டி நின்றது. கொப்பரை எங்களுக்கு அப்போது 230 ரூபாயில் கிடைத்தது. 62 சதவீதம் என்றால் ஒரு கிலோ எண்ணெய்க்குக் கொப்பரைச் செலவு மட்டும் 371 ரூபாய். 67 என்றால் 343. ஓணத்துக்கு ஆர்டர் பிடிக்கிற சமயம். மில் நன்றாகப் பிழிகிறது என்று நினைத்து, திருச்சூர் மொத்த வியாபாரி ஒருவருக்கு 4 டன்னுக்குக் கிலோவில் 20 ரூபாய் குறைத்து முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். 80,000 ரூபாய் அங்கேயே போயிற்று.

கண்டுபிடித்தது நானும் இல்லை, சாஃப்ட்வேரும் இல்லை. மில்லில் எக்ஸ்பெல்லர் என்ற எண்ணெய் பிழியும் இயந்திரத்தை ஓட்டும் மேஸ்திரி. முதலாளி அவரைப் பாராட்டப் போயிருக்கிறார். அவர் பதறிப்போய் என்னிடம் வந்தார். "ஏனுங்க அம்மணி, 67ஆ? எண்ணெய் கொப்பரைலருந்து வருதா, குழாய்லருந்து வருதா?"

அன்று ராத்திரி எங்கள் கணக்கு சாஃப்ட்வேரான டாலியில் இருந்து டின் கணக்கை எடுத்துக் கையால் போட்டுப் பார்த்தேன். டின் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. எடை மட்டும் கூடியிருந்தது. 13.8 இருந்த இடத்தில் 15 உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய ஒரு மணி நேரம் ஆனது.

நடந்தது இது. பொள்ளாச்சி குடோன்காரர் காங்கேயத்திலிருந்து நிரப்பிய டின்னும் வாங்கி விற்பார். அது 15 கிலோ டின். தன் ரிப்போர்ட்டில் எடை குறைவாக வருகிறது என்று நேராகக் கன்சல்டன்ட்டின் பையனுக்கு வாட்ஸ்அப் போட்டிருக்கிறார். பையன் பிரவுசரிலேயே மாடலைத் திறந்து, எடைக்கான மெஷரில், அதாவது கணக்குப் போடும் ஃபார்முலாவில், 13.8ஐ அழித்து 15 போட்டுவிட்டான். குடோனுக்குச் சரியாயிற்று. மற்ற மூன்று ரிப்போர்ட்டிலும் விஷம் கலந்தது. பிரவுசரில் செய்யும் திருத்தம் அப்படியே சேமிப்பாகி, எல்லோருக்கும் போய்விடும். யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று வியூவராக இருக்கிற எனக்குப் பார்க்க வழியே கிடையாது.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாருக்கும் கை தவறும். போன் செய்து கேட்டபோது கன்சல்டன்ட் சொன்ன பதில்தான் தாங்கவில்லை. "உங்க டேட்டால பிரச்சனை இருக்கும் சேச்சி, டாலி என்ட்ரி செக் பண்ணுங்க." நான்கு நாள் இதையே சொன்னார். குடோன்காரர் வாட்ஸ்அப்பைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார், அப்போதும் "சின்ன சேஞ்ச்" என்றார்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தோண்டினேன். ஜூன் மாதம் மூன்று நாள் பழைய கணக்கே காட்டியதற்கும் காரணம் தெரிந்தது. எங்கள் கணக்கைப் பவர் பிஐக்குக் கொண்டுபோகும் பாலமான கேட்வே எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. காற்றும் மழையுமாகக் கரண்ட் போன நாட்களில் ரெஃப்ரெஷ், அதாவது புதுக் கணக்கை ஏற்றுவது, நடக்கவில்லை. தொடர்ந்து நான்கு முறை தவறினால் பவர் பிஐ அந்த நேர அட்டவணையையே நிறுத்திவிடும். நிறுத்தியதாக மெயிலும் அனுப்பும். யாருக்கு? மாடலின் உரிமையாளருக்கு. எங்கள் மாடலுக்கு உரிமையாளர் அவர். அவர் மெயில் பார்க்கவில்லை.

அதை விட மோசம் ஒன்று. முதலாளிக்கு லாகின் போட்டுப் பழக்கமில்லை என்று, அவர் போனில் ஒரு லிங்க் வைத்துக் கொடுத்திருந்தார்கள். தொட்டால் திறக்கும். ஒரு நாள் தவறுதலாக அது என் மகன் போனுக்குப் போய்விட்டது. அவனுக்கும் திறந்தது. 'பப்ளிஷ் டு வெப்' என்ற வசதியில் செய்த லிங்க் அது. அந்த லிங்க் கையில் கிடைக்கிற யாரும், உலகத்தில் எங்கிருந்தாலும், பாஸ்வேர்டு இல்லாமல் பார்க்கலாம். எங்கள் வாடிக்கையாளர் பெயர், யாருக்கு என்ன விலை, எல்லாம் அதில் இருந்தது. ஐந்து மாதமாக வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியிருக்கிறோம். உங்கள் முதலாளி போனிலும் லாகின் கேட்காமல் ரிப்போர்ட் திறந்தால் இன்றே விசாரியுங்கள்.

சரி, போதும், ஃபைலைக் கொடுங்கள் என்று கேட்டோம். மாடல் தங்கள் கம்பெனியின் சொத்து என்றார். என் 13.8 எப்படி உங்கள் சொத்து ஆகும் என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு ஒப்படைப்புக் கட்டணம் 15,000 என்றார். முதலாளி, "கொடுத்துத் தொலை அம்மணி, தலைவலி போகட்டும்" என்றார். நல்லவேளை, ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் பணம் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

வந்தது அந்த 300 கேபி ஃபைல். பவர் பிஐ டெஸ்க்டாப்பில் திறந்தேன். நான்கு பக்கமும் அழகாக வந்தன. ஆனால் கீழே வலது ஓரத்தில், இது இன்ன வொர்க்ஸ்பேஸில் (பவர் பிஐயில் மாடலும் ரிப்போர்ட்டும் வைக்கும் இடம்) உள்ள மாடலோடு நேரடி இணைப்பில் இருக்கிறது என்று ஒரு வரி. இடது பக்கம் டேபிளைப் பார்க்கும் பட்டனே இல்லை. மெஷரைத் திருத்தவும் வழியில்லை. அதாவது எங்களுக்கு அனுப்பியது வெறும் ரிப்போர்ட். அவர் அக்கவுண்டை மூடினால் அதுவும் வெற்றுத்தாள். சிரட்டையை உரசிப் பளபளப்பாக்கிக் கையில் கொடுத்துவிட்டு, பருப்பைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டார்கள். தேங்காய்க்காரர்களிடமே.

இரண்டு வருடத்து விற்பனையும் கொள்முதலும் உள்ளே இருக்கிற மாடல் ஃபைல் இவ்வளவு சின்னதாக இருக்காது. உங்களுக்கு யாராவது ஃபைல் கொடுத்தால் முதலில் அதன் எடையைப் பாருங்கள், பிறகு அந்த வலது ஓரத்து வரியைப் படியுங்கள்.

இப்போது நாங்களே செய்கிறோம். மில் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அதில் மெயில் போட்டோம். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். பகிர்ந்து பார்க்க மூன்று பேருக்கு மட்டும் ப்ரோ உரிமம். 2025 ஏப்ரலில் ஆளுக்கு மாதம் 10 டாலரிலிருந்து 14 ஆக்கிவிட்டார்கள், இருந்தாலும் மாதம் 6,000 கொடுத்ததற்கு இது குறைவுதான். வொர்க்ஸ்பேஸில் அட்மின் முதலாளியும் நானும். வெளியாள் உதவி வேண்டியிருந்தால் அந்த ஒரு வாரம் மட்டும் திருத்தும் உரிமையுள்ள கான்ட்ரிபியூட்டர், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவேன். இதில் இன்னொன்று: டேபிளில் யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்று பூட்டு போடும் வசதி வியூவரைத்தான் தடுக்கும், கான்ட்ரிபியூட்டருக்கும் அதற்கு மேல் இருப்பவர்களுக்கும் எல்லாமே தெரியும். அதனால் குடோன்காரருக்கு வியூவர் மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். அவருக்கு வருத்தம்.

டின் எடையை மெஷருக்குள் எழுதி வைப்பதையும் விட்டாயிற்று. சரக்குப் பட்டியலிலேயே எடைக்கு ஒரு நெடுவரிசை போட்டு, எங்கள் டின்னுக்கு 13.8, காங்கேயம் டின்னுக்கு 15 என்று எழுதிவிட்டேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்கவேண்டும், ஆனால் அன்று எனக்கும் தெரியாது, தெரிந்தவர் சொல்லவும் இல்லை. மாடலில் ஒரு புள்ளியைத் தொடுவதானாலும் தேதி போட்டு ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன், பழைய ஃபார்முலாவை நோட்டில் எழுதுகிறேன். மாற்றிய பின் ஜூன் மாத எண்ணெய் சதவீதம், ஜிஎஸ்டி ரிட்டர்னில் கொடுத்த விற்பனை, மார்ச் 31 இருப்பு, இந்த மூன்றும் பழையபடி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பப்ளிஷ். எழுத நீளமாக இருக்கிறது, செய்ய பத்து நிமிடம்.

சனிக்கிழமை கூலி வாங்க வரும்போது மேஸ்திரி தவறாமல் கேட்பார், இந்த வாரம் எத்தனை என்று. போன வாரம் 61.8 என்றேன். "அது கொப்பரை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கன்சல்டன்ட் இன்னும் மாதம் ஒரு முறை 15,000 கேட்டு மெசேஜ் போடுகிறார். அந்த 300 கேபி ஃபைலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.