சாந்தியாகோ திருப்பயணம்: கேம்பர் வேனா, நடைப்பயணமா?

பிரான்சின் எல்லையோர ஊரான சான் ழான் பியே தெ போரிலிருந்து, புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் ஸ்பெயினின் சாந்தியாகோ பேராலயம்வரை நீளும் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் பாதையை நடந்து கடக்க ஏறத்தாழ ஐந்து வாரங்கள் தேவைப்படும். கேம்பர் வேனில் ஒரு வாரம் போதும். படுக்கையும் அடுப்பும் உடன்வருவதால், முதியோரும் வழியிலுள்ள பர்கோஸ், லியோன் நகரப் பேராலயங்களில் அவசரமின்றி அமர்ந்து செபிக்கலாம். ஆனால், நடப்பவரை வழிநடத்தும் மஞ்சள் அம்புக்குறிகளும், அல்பெர்கே எனப்படும் பயணியர் விடுதிகளில் முன்பின் அறியாதவரோடு பகிரும் இரவுணவும் நெடுஞ்சாலையில் செல்வோருக்குக் கிடைப்பதில்லை. இந்த இழப்பு சிறியதன்று. மேலும், திருப்பயணத்தை முடித்ததற்கு வழங்கப்படும் கொம்போஸ்தெலா சான்றிதழ் பெற, குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்தோ 200 கிலோமீட்டர் மிதிவண்டியிலோ வந்திருக்க வேண்டும். எனவே, உடல் இடங்கொடுப்பவர்கள், சாந்தியாகோவுக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவிலுள்ள சாரியா என்ற ஊர்வரை வேனில் வந்து, எஞ்சிய தொலைவை நடப்பதையே பரிந்துரைப்பேன். ஒருவர் வேனை ஊர் ஊராக ஓட்டிவந்தால், நடக்க இயலாத பெற்றோரும் மாலைத் திருப்பலியில் உடன் அமரலாம்.